1500 மணி நேரம் யாருக்கு?

ஒருவர், "1500 மணி நேரம் பறந்தால்தான் ஏடிஆர் மாதிரி சின்னப் பயணிகள் விமானத்தில் கோ-பைலட் ஆகலாம், மன்னார்குடிப் பையனுக்கு இதெல்லாம் ஆகிற காரியமா" என்று எழுதியிருக்கிறார். அது அமெரிக்க விதி, 2013இல் வந்தது. நம்ம விமானத் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ கமர்ஷியல் பைலட் லைசென்சுக்குக் கேட்பது 200 மணி நேரம், வயது 18. அப்புறம் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே தெரியாதபோது கருவிகளைப் பார்த்தே ஓட்டும் தகுதி), டைப் ரேட்டிங் (அந்த வகை விமானத்தை ஓட்டும் தகுதி). இவை இருந்தால் கோ-பைலட்டாக வலது இருக்கையில் உட்காரலாம். 1500 என்பது ஏடிபிஎல் என்ற மேல்நிலை லைசென்சுக்கு, அதாவது கேப்டன் ஆவதற்கு.

லைசென்ஸ் வந்ததும் வேலை வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை; வாங்கிவிட்டுக் காத்துக் கிடப்பவர்கள் நிறைய. செலவும் பல லட்சம். நிலத்தை அடமானம் வைக்கும் முன்பே பையன் விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனையை (கிளாஸ் 1 மெடிக்கல்) முடிக்கட்டும். நிறம் பிரித்தறிவதில் கோளாறு என்றால் ஃபீஸ் கட்டிய பிறகு தெரிந்து என்ன பிரயோசனம்?