மாணவர்கள் ஆர்வத்துடன் கவனித்தனர்

பி.எட். பிள்ளைகளின் பயிற்சிக் குறிப்பேடுகளில் கையெழுத்துப் போட்டுப் போட்டு இந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம். கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் பள்ளிக்கு வருடா வருடம் வருகிறார்கள். இதை எழுதாத ஒருவரை இன்னும் பார்க்கவில்லை.

போன மாதம் ஒரு தம்பி ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்தார். நான் கடைசி பெஞ்சில். பாடத்தில் 'புழக்கடை' என்று வந்தது. 'வீட்டின் பின்புறம்' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார். இரண்டாம் வரிசைப் பையன் எழுந்து, "பொடக்காலிங்களா சார்?" என்றான். வகுப்பே சிரித்தது. தம்பிக்கு முகம் மாறிவிட்டது. "வகுப்புல நல்ல தமிழ்ல பேசணும், உட்காரு." அப்புறம் மணி அடிக்கும்வரை பையன் வாயே திறக்கவில்லை. எங்கள் கொங்குப் பேச்சில் புழக்கடைதான் பொடக்காலி. எவ்வளவு சரியாகப் பிடித்திருந்தான்!

சாயங்காலம் குறிப்பேடு வந்தது. அதே வாக்கியம்.

"ஏனுங்க தம்பி, பொடக்காலி எங்க போச்சு?"

"அதை எழுதுனா மார்க் கொறஞ்சிருமுங்க மேடம்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 2015-ல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பானது. பள்ளியில் இருக்க வேண்டியது 20 வாரம். என் காலத்தில் 40 நாள்தான். நாள் கூடியது நல்லதே. ஆனால் அதற்கு முன் கல்லூரியில் சில நிமிடம் பாடம் நடத்திப் பழகும் நுண்ணிலைக் கற்பித்தலில் கூடப் படிப்பவர்களே பிள்ளைகளாக உட்கார்ந்திருப்பார்கள். அங்கே யாரும் பொடக்காலி என்று எழமாட்டார்கள். டொனால்ட் ஷான் என்ற அமெரிக்க அறிஞர் 1983-லேயே பிரித்துச் சொன்னார்: வேலை முடிந்தபின் யோசிப்பது ஒன்று, வேலையின் நடுவிலேயே யோசித்து மாற்றிக்கொள்வது இன்னொன்று. முதலாவதையே பொய்யாக எழுதிப் பழகியவருக்கு இரண்டாவது எப்படி வரும்?

பாடக்குறிப்புக்கு மார்க் போடுங்கள், துணைக்கருவிக்குப் போடுங்கள், வெளித் தேர்வாளர்கள் வந்து பார்க்கும் கமிஷனில் போடுங்கள். 'இன்று எங்கே சறுக்கினேன்' என்று எழுதும் பக்கத்துக்கு மட்டும் வேண்டாம். மார்க் இல்லையென்றால் எழுதவே மாட்டார்கள் என்கிறார்கள். எழுதாவிட்டால் போகிறது, டீ குடித்துக்கொண்டே பேசிக்கொள்கிறோம்.

அன்றும் அப்படித்தான் பேசினோம். "நீங்க பின்னாடி உட்கார்ந்திருந்தீங்களா, பயந்துட்டேனுங்க. எங்க ஊட்லயும் பொடக்காலிதானுங்க" என்றார். சரி, என்னையும் சேர்த்தே எழுதுங்கள் என்றேன்.

மறுநாள் எழுதிக் கொண்டுவந்தார், பென்சிலில். கமிஷனுக்கு முன்னால் அழித்துவிடலாம் பாருங்கள்.