குலுக்கல் சீட்டே தேவலை

கலைக்குப் பணம் ஒதுக்குவது பற்றிப் பேச்செடுத்தாலே ரெண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறோம். "மக்கள் வரிப்பணத்தில் கூத்தா?" என்று ஒரு பக்கம், "கலை செத்தால் நாடே செத்தது" என்று இன்னொரு பக்கம். எனக்கு ரெண்டுமே அலுத்துவிட்டது. எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதைவிட, யாருக்கு என்று டிக் அடிக்கிற பேனா யார் கையில் இருக்கிறது என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

காரணம் ஒரு படிவம். நாடகம் ஒன்றை எழுத உதவித்தொகை கேட்டு ஓர் அமைப்புக்கு (பெயர் வேண்டாம்) விண்ணப்பித்தேன். 17 பக்கம். நாடகம் எதைப் பற்றி என்று சொல்ல 200 சொற்களுக்குத்தான் இடம். அந்த நாடகத்தால் சமூகத்தில் வரப்போகும் மாற்றத்தை எப்படி அளப்பீர்கள் என்பதற்கு முழுசாக ரெண்டு பக்கம். இன்னும் ஒரு வரிகூட எழுதாத நாடகத்தைப் பார்த்து எத்தனை பேர் மனம் மாறுவார்கள் என்று அட்டவணை போட்டேன். முதல் காலாண்டில் 40 பேர், அடுத்ததில் 120. ஏன் 120? கோடு மேலே ஏறினால் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். வரவுசெலவுப் பக்கத்தில் அரங்க வாடகை, ஒளியமைப்பு, போக்குவரத்து, அச்சு, ஆடிட்டர் கட்டணம் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. எழுதுகிறவர் அந்த ஆறு மாதம் எதை வைத்துக் காலம் தள்ளுவார் என்பதற்குக் கட்டம் இல்லை. 'இதர செலவுகள்' என்பதில் என்னைப் போட்டுக்கொண்டேன்.

"எதற்கு இந்த வம்பு, சரக்கு நன்றாக இருந்தால் விற்கும்" என்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கு. வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1966-இல் நிகழ்த்துகலைகளை ஆராய்ந்து சொன்னது. பீத்தோவன் காலத்தில் ஒரு நால்வர் இசையை வாசிக்க எத்தனை பேர், எவ்வளவு நேரம் தேவைப்பட்டதோ இன்றைக்கும் அதேதான். நடுவில் தறியும் தொழிற்சாலையும் பல மடங்கு வேகமாகி, அங்கே சம்பளம் ஏறி, அதன் பின்னால் மற்ற எல்லாச் செலவும் ஏறிவிட்டது. வாசிக்கிற நாலு பேரும் அதே உலகத்தில்தான் வாடகை கொடுக்க வேண்டும். கொஞ்சம் சீக்கிரமாக வாசித்து முடியுங்கள் என்று சொல்லவா முடியும்? டிக்கெட் காசு மட்டும் கடைசிவரை எட்டாது. பதிவு செய்து விற்கலாமே என்றால், இணையத்தில் பாட்டுக் கேட்கும் ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஆண்டுக்கு 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு வருமானத்தில் பங்கே கிடையாது. சந்தையும் ஒரு தேர்வுக்குழுதான், என்ன, அது நேர்காணலுக்குக் கூப்பிடுவதில்லை.

சரி, அரசு கொடுக்கட்டும் என்றால் அங்கே வேறு கதை. தென் கொரியாவில் அதிபர் பார்க் குன்-ஹே ஆட்சியில் ஆகாத கலைஞர்கள் என்று 9,000 பேருக்கு மேல் பட்டியல் போட்டு, உதவித்தொகை போகாமல் பார்த்துக்கொண்டது 2016-இல் அம்பலமானது. இயக்குநர் போங் ஜூன்-ஹோ பெயரும் அதில் இருந்தது. யாரையும் கைது செய்யவில்லை, எந்தப் படைப்பையும் எரிக்கவில்லை, 'இந்த முறை தேர்வாகவில்லை' என்று ஒரு கடிதம் போதும். இதனால்தான் பிரிட்டனில் 1946-இல் கலை மன்றம் அமைத்தபோதே பணம் அரசுடையது, முடிவு மன்றத்துடையது என்று நடுவில் கொஞ்சம் தூரம் வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அமைச்சர் போன இடத்தில் குழு வந்து உட்கார்ந்துகொள்கிறது, குழுவுக்கும் ருசி உண்டு, சிநேகிதம் உண்டு. எந்த வள்ளலிடம் எப்படிப் போனால் பரிசில் கிடைக்கும் என்று பாணனுக்குப் பாணன் வழிசொல்வதை ஆற்றுப்படை என்று தனி இலக்கிய வகையாகவே வைத்திருந்தவர்கள் நாம். இன்றைக்கு அதையே 'விண்ணப்பம் எழுதும் பயிலரங்கு' என்று கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்துகிறார்கள்.

அதனால் யாருடைய ருசிக்கும் வேலை வைக்காத திட்டங்கள்மேல்தான் எனக்கு மோகம். நூலகத்தில் ஒருவரின் புத்தகம் இருக்கிறதா, அல்லது இரவல் போகிறதா, எழுத்தாளருக்குக் காசு. டென்மார்க் 1946-லேயே இப்படிக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. பிரிட்டன் 1979-இல் சட்டம் போட்டது. அங்கே ஒருவருக்கு ஆண்டுக்கு 6,600 பவுண்டுதான் உச்சவரம்பு என்பதால் பெரிய தலைகள் மொத்தத்தையும் வாரிக்கொண்டு போக முடியாது. அப்புறம் அயர்லாந்து. 2022-இல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ, மூன்று ஆண்டுக்கு. கலைஞர்தானா என்று மட்டும் பார்த்தார்கள், மீதியைக் குலுக்கலுக்கு விட்டார்கள். பணம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டு ஆராய்வதற்காகத்தான் குலுக்கல், தத்துவம் ஒன்றுமில்லை. இருந்தாலும், என்ன எழுதப்போகிறாய், எத்தனை பேர் திருந்துவார்கள் என்று யாரும் கேட்கவில்லை பாருங்கள்.

குலுக்கினால் மோசமான கலைஞருக்கும் விழுமே என்று நண்பர் ஒருவர் மடக்கினார். விழும்தான். குழு வைத்துத் தேர்ந்தெடுத்தபோது மட்டும் விழாமலா இருந்தது? குறைந்தபட்சம் குலுக்கலில் தோற்றவன் தன் எழுத்தைச் சந்தேகப்பட வேண்டாம், யாரையும் போய்க் கும்பிடவும் வேண்டாம்.

என் படிவத்துக்குப் போன வாரம் பதில் வந்தது. தேர்வாகவில்லை, அடுத்த சுற்றில் முயலவும், அடுத்த சுற்றின் கருப்பொருள் 'நீர்' என்று போட்டிருந்தார்கள். நாடகத்தில் ரெண்டாவது காட்சியில் ஒரு கிணறு வருகிறது. அதை முதல் காட்சிக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.