பேராசையாம்!

அந்த வீடியோவை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நெல் திருவிழா மேடை, தோளில் பச்சைத்துண்டு, "விவசாயிக்குப் பேராசை, அதான் மண்ணுக்கு விஷம் வைக்கிறான்" என்று இயற்கை விவசாயம் பேசும் ஒருவரின் முழக்கம். கைதட்டல் வேறு.

நான் இயற்கை விவசாயத்துக்கு எதிரி இல்லை. பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுகிறவன்தான். கேட்பது ஒன்றே ஒன்று. உரத்தையும் மருந்தையும் விட்டு இயற்கைக்கு மாறுகிற வருஷங்களில் விளைச்சல் குறையுமே, அந்த நஷ்டம் யார் கணக்கில்?

அப்பா ஒருமுறை மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய நெல் போட்டார். ஆள் உயரம் வளர்ந்தது. வந்தவர்களெல்லாம் பயிருக்குள் நின்று போட்டோ எடுத்தார்கள். 2021 பொங்கல் மழையில் மொத்தமும் சாய்ந்தது. ஏக்கருக்கு முப்பது மூட்டை கண்ட வயலில் பதிமூன்று. "இந்த ரெண்டு மூட்டை நாலு மூட்டைக்கெல்லாம் மிஷின் ஓட்ட முடியாது" என்றார் மில்காரர். போட்டோ எடுத்தவர்களில் ஒருவர் மட்டும் போன் செய்தார், சாம்பிளுக்கு ரெண்டு கிலோ கிடைக்குமா என்று.

சரி, அரசு கொள்முதல் நிலையத்துக்கே போவோம். 2025-26க்கு ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். உரம் போடாத நெல் என்று தனி விலை கிடையாது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் களத்திலேயே காவல் கிடக்க வேண்டியதுதான். பேராசைக்காரன் அங்கேதான் படுத்திருப்பான், வந்து பாருங்கள்.

"நெல் ஜெயராமன் செய்து காட்டவில்லையா?" என்பீர்கள். காட்டினார். பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்த மனிதர். ரெண்டு கிலோ விதை கொடுத்து, மறுவருஷம் நாலு கிலோ திருப்பிக் கேட்டார். கையில் விதை கொடுத்தவர் அவர். மேடையில் நீங்கள் கொடுத்தது வசவு.

"விஷம்தானே சாப்பிடுகிறோம்?" ஆமாம், நாங்களும் அதே சோறுதான் சாப்பிடுகிறோம். அடுத்து.

"காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால், வயலிலிருந்து கிளம்பிப் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு குறையுமாமே?" குறையும், மறுக்கவில்லை. போர்வெல் வைத்திருப்பவர் நினைத்தபோது காயவிட்டு நினைத்தபோது பாய்ச்சலாம். வாய்க்கால் முடிகிற கடைமடையில் முறை வைத்து வரும் ஆற்றுத் தண்ணீரை வந்த அன்றே தேக்கியாக வேண்டும். அடுத்த முறை வந்து சேருமா என்பது மேட்டூர் அணைக்கே தெரியாது.

அப்புறம் குத்தகை. எங்கள் பக்கம் பல பேருக்கு வாய்வார்த்தைதான், எழுத்து கிடையாது. மூணு வருஷம் எருவும் பசுந்தாளும் போட்டு மண்ணைத் தேற்றி வைத்தால், தேறின மண் அடுத்த வருஷம் யார் கைக்குப் போகுமோ! நஷ்டம் குத்தகைக்காரனுக்கு, மண் இன்னொருவனுக்கு. இதைப் பற்றி எந்த மேடையிலாவது ஒரு வார்த்தை?

"அப்போ நீயும் பூச்சிமருந்துக் கடைக்காரனா?" என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்டிருக்கிறார். அண்ணே, போன மாசம் தம்பிக்குப் பெண் பார்க்கப் போனோம். நிலத்தைப் பற்றிச் சொல்லி முடித்ததும் பெண்ணின் மாமா, "அதெல்லாம் சரி, மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார்?" என்றார். தம்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டான். இவ்வளவுதான் எங்களுக்கு மரியாதை. இதில் பேராசைப் பட்டம் வேறு.

மறுத்து எழுத வருகிறவர்கள் ஏக்கர் கணக்கோடு வாருங்கள். உழவு, நடவு, களை, அறுப்புக் கூலி எல்லாம் போட்டு.