குப்பாயிக்கும் அர்த்தம் இருக்கு
புள்ளைக்கு வைக்கற பேரு கூப்பிட நல்லா இருந்தா போதும், அர்த்தமெல்லாம் எதுக்குன்னு உங்க கட்டுரையில போட்டிருக்கீங்க, என்னால ஒத்துக்க முடியல. எங்க அப்பத்தா பேரு குப்பாயி, முன்னாடி பொறந்த ரெண்டும் தங்காததால இவங்கள குப்பைமேட்டுல போட்டு எடுத்து வச்ச பேராம், எமனுக்கே வேணாம்னு தோணணும்ல! அதுலகூட ஒரு தாயோட பயம் இருக்கு. ஆனா நாலாவதும் பொண்ணாப் போச்சேன்னு போதும்பொண்ணு, வேண்டாம்னெல்லாம் வச்சாங்க பாருங்க, அதான் கொடுமை, எங்ககூட படிச்ச போதும்பொண்ணு அட்டென்டன்ஸ் எடுக்கறப்ப தலையே தூக்காது, 'உள்ளேன் ஐயா'வ வாய்க்குள்ளயே முணுமுணுக்கும். இப்ப நியூமராலஜிக்காரர் சொன்னாருன்னு ஒரு ஷ், ஒரு எக்ஸ்ட்ரா ஹெச்... என் மச்சான்கிட்ட பையன் பேருக்கு என்ன அர்த்தம்னு கேட்டா கூகுள்ல பாத்து சொல்றேன்னாரு, ரெண்டு வருசமாச்சு, இன்னும் பாத்துட்டேதான் இருக்காரு