மாணவர்களுக்காக மேடையேறியவர்

மார்ட்டின் ஹெல்மன் என்றால் எல்லோரும் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதைத்தான் சொல்வார்கள். 2015க்கான விருது, உடன் ஆய்வு செய்த விட்ஃபீல்ட் டிஃபியோடு சேர்ந்து வாங்கியது. ஆனால் 1977 அக்டோபரில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த கருத்தரங்கில் அவர் செய்த காரியம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அவர் அப்போது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்தார். கிரிப்டோகிராஃபி, அதாவது செய்திகளை மற்றவர் படிக்க முடியாதபடி மாற்றும் கலை, அப்போது அரசாங்கத்தின் ரகசியச் சொத்து மாதிரி. இதில் இறங்காதே, அமெரிக்க உளவு அமைப்பான தேசியப் பாதுகாப்பு முகமைக்குத் தெரியாத எதை நீ கண்டுபிடித்துவிடப் போகிறாய் என்று சக பேராசிரியர்களே தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை. 1976இல் டிஃபியும் அவரும் எழுதிய கட்டுரை வந்தது: இருவர் எல்லோரும் கேட்கும்படி எண்களைப் பரிமாறிக்கொண்டே, தங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு பொது ரகசிய எண்ணை உருவாக்கும் முறை. அதன் அழகைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். 5, 23 இரண்டும் ஊரறிந்த எண்கள். என் ரகசியம் 3. 5ஐ மூன்று முறை பெருக்கினால் 125, அதை 23ஆல் வகுத்தால் மீதி 10. அதை உங்களுக்கு அனுப்புகிறேன். உங்கள் ரகசியம் 7. அதே கணக்கில் உங்களுக்கு 17 வரும், எனக்கு அனுப்புகிறீர்கள். நான் 17ஐ மூன்று முறை பெருக்கி வகுத்தால் மீதி 14. நீங்கள் 10ஐ ஏழு முறை பெருக்கி வகுத்தாலும் அதே 14! அதுதான் நம் பொது ரகசியம். எண்கள் மிகப் பெரியதாக இருந்தால், நடுவில் ஒட்டுக்கேட்பவரால் அதை நடைமுறையில் கண்டுபிடிக்க முடியாது.

சரி, கருத்தரங்குக்கு வருகிறேன். இப்படி ஆய்வை வெளியிடுவது, கிரிப்டோகிராஃபியையும் ஆயுதமாகவே கருதிய ஆயுத ஏற்றுமதிச் சட்டத்துக்கு விரோதமாகலாம் என்று அந்த முகமையின் ஊழியர் ஒருவர், கருத்தரங்கை நடத்திய பொறியாளர் சங்கமான ஐஇஇஇ-க்குக் கடிதம் எழுதியிருந்தார். வழக்கு வந்து வருஷக்கணக்கில் இழுத்தால் மாணவர்களின் எதிர்காலம் என்னாவது? அவருடைய மாணவர்கள் ரால்ஃப் மெர்க்கிளும் ஸ்டீவ் போலிக்கும் பேச வேண்டியதை, பல்கலைக்கழக வழக்கறிஞரின் யோசனைப்படி, ஹெல்மனே மேடையேறிப் பேசினார். இருவரும் பக்கத்தில் வாய் திறக்காமல் நின்றார்கள். யாருடைய உழைப்பு என்பது அரங்கில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. ஆபத்தைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு, பெருமையை மாணவர்களுக்கு விட்டுக்கொடுத்தார்.

நானும் ஆய்வு மாணவனாக இருந்தவன். இரண்டு வருஷம் ராப்பகலாக உழைத்து எழுதிய கட்டுரையில் என் பெயர் மூன்றாவதாக வந்தது. அந்த வலி இன்னும் இருக்கிறது. அதனால்தான் இந்த மனிதரைப் பற்றிப் படிக்கும்போது தொண்டை அடைக்கிறது.

அப்புறம் இன்னொன்று. மெர்க்கிள் பெர்க்லியில் படிக்கும்போதே, 1974இல், இதே திசையில் தனியாக யோசித்தவர். அவருடைய ஆசிரியருக்கு அது பிடிபடவில்லை. இந்த முறைக்கு ஒரு பெயர் வைப்பதென்றால் மெர்க்கிளின் பெயரும் அதில் இருக்க வேண்டும் என்று 2002இல் ஹெல்மனே எழுதினார். நான் இப்போதெல்லாம் வகுப்பில் கரும்பலகையில் டிஃபி-ஹெல்மன்-மெர்க்கிள் என்றுதான் எழுதுகிறேன்.