களஞ்சியத்தை விடுமுறை விடுதியாக்க: கிளாஸ் கியூ குறித்து ஒரு திருத்தம்

இங்கிலாந்தில் கிளாஸ் கியூ (பண்ணைக் கட்டடங்களை வீடாக மாற்ற இடம்தரும் திட்டமிடல் விதி) பொருந்தும் பண்ணைக் களஞ்சியத்தை, உள்ளாட்சி மன்றத்திடம் எதுவும் கேட்காமலேயே விடுமுறை வீடாக மாற்றிவிடலாம் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். முழுத் திட்ட அனுமதி வேண்டியதில்லை என்ற அளவில் அது சரிதான். ஆனால் வேலையைத் தொடங்குமுன் மன்றத்தின் முன்கூட்டிய ஒப்புதலுக்கு (prior approval) விண்ணப்பித்தே ஆகவேண்டும். போக்குவரத்து, இரைச்சல், மண் மாசு, வெள்ள அபாயம், கட்டடத்தின் வெளித்தோற்றம், அறைகளுக்குப் போதிய இயற்கை வெளிச்சம் கிடைக்கிறதா என்பன போன்றவற்றை மன்றம் பரிசீலித்து, பொதுவாக 56 நாட்களுக்குள் முடிவு சொல்லும். மறுக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. தேசியப் பூங்காக்களிலும், பாரம்பரியக் கட்டடங்களாகப் பட்டியலிடப்பட்டவற்றிலும் இந்தச் சலுகையே இல்லை (அழகான களஞ்சியங்கள் பலவும் அங்கேதான் இருக்கின்றன என்பது வேறு விஷயம்).

சரிபார்க்க விரும்புவோர், பிரித்தானிய அரசின் சட்ட இணையதளத்தில் 2015ஆம் ஆண்டின் பொது அனுமதிக்கப்பட்ட மேம்பாட்டு ஆணையை (General Permitted Development Order) திறந்து, இரண்டாம் அட்டவணையின் மூன்றாம் பகுதியைப் படிக்கலாம்; 2024 மே மாதம் விதிகள் திருத்தப்பட்டதால் நடப்பிலுள்ள வடிவத்தையே பார்க்கவும். உங்கள் மன்றத்தின் திட்டப் பதிவேடும் பொதுமக்கள் பார்வைக்கு உரியது: ஏற்கெனவே மாற்றப்பட்ட ஒரு களஞ்சியத்தின் முகவரியை அதில் தேடினால், விண்ணப்பமும் முடிவுக் கடிதமும் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும்.