எந்தக் கலாசாரம் அண்ணை?

பரிசளிப்பு விழாவோ கோயில் திருவிழாவோ, கையில் ஒலிவாங்கி கிடைத்தால் போதும், யாழ்ப்பாணத்தில் ஒருவர் "எங்கட கலாசாரம் சீரழிஞ்சு போச்சு" என்று தொடங்கிவிடுவார். கைதட்டலும் கிடைக்கும். எது சீரழிந்தது என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு பதில் வரும். கடைசியில் அது யாரோ ஒரு பெட்டையின் உடுப்பில் போய் முடியும்.

குழப்பம் எங்களோடு தொடங்கியதல்ல. ஆங்கிலக் 'கல்ச்சர்' லத்தீனிலிருந்து வந்தது. அதன் வேரான 'கொலெரே'க்கு நிலத்தைப் பண்படுத்துவது, ஓரிடத்தில் குடியிருப்பது, தெய்வத்தைப் போற்றுவது என்று பல பொருள். மனதையும் வயல் போலப் பண்படுத்த வேண்டும், அதற்கான உழவுதான் மெய்யியல் என்று ரோம அறிஞர் சிசரோ கி.மு. 45இல் எழுதினார். அந்த மண் வாசனை இன்னும் போகவில்லை. வாழைத் தோட்டக்காரர் 'டிஷ்யூ கல்ச்சர்' குட்டி தேடுகிறார். ஆஸ்பத்திரியில் கிருமி வளருதோ என்று பார்க்கச் சிறுநீரைக் 'கல்ச்சருக்கு' அனுப்புகிறார்கள். (கிருமிக்கும் கல்ச்சர் உண்டு, அதை யாரும் சீரழிந்ததாகச் சொல்வதில்லை.)

வில்லங்கம் பிடித்த இரண்டு பொருள்கள் நேருக்கு நேர் வந்து நின்றது பத்தொன்பதாம் நூற்றாண்டில். உலகம் இதுவரை எண்ணியதிலும் சொன்னதிலும் ஆகச் சிறந்ததை அறிவதே கல்ச்சர் என்றார் ஆங்கிலக் கவிஞரும் விமர்சகருமான மத்யூ ஆர்னல்ட், 1869இல். இரண்டே வருடத்தில், 1871இல், மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் வேறு கதை சொன்னார்: அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் என்று சமூகத்தில் இருந்து மனிதன் பழகிக்கொள்ளும் அத்தனையும் கல்ச்சர்தான். ஒருவருக்குத் தூற்றி எடுத்த நெல், மற்றவருக்குப் பதரும் சேர்ந்த முழுக் குவியல். 1952இல் அமெரிக்க மானிடவியலாளர்கள் குரோபரும் குளுக்கோனும் கல்ச்சருக்கான வரைவிலக்கணங்களைத் தேடித் தொகுத்தபோது 164 சேர்ந்தது.

எங்களிடம் இரண்டு சொல் இருக்கிறது. 'பண்பாடு' என்பதைக் கல்ச்சருக்கு ஈடாகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்று தமிழ்நாட்டு இலக்கிய ரசிகர் ரசிகமணி டி.கே.சி.யைச் சொல்வார்கள். "பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்" என்ற கலித்தொகை அடியைக் காட்டி அது சங்ககாலச் சொல் என்று வாதாடுபவர்களும் உண்டு. பண்பும் பாடும் பழையவைதான், இந்தப் பொருளில் ஒட்டியது புதிது. 'கலாசாரம்' என்பதோ கலையும் ஆசாரமும் சேர்ந்தது. ('ச்' போடாமல் எழுதும் எங்கட வழக்கம்தான் சரி, தமிழ்நாட்டுத் தம்பிமார் கோபிக்க வேண்டாம்.)

நாங்கள் இந்தப் பொருள்களை வசதிக்கு ஏற்ப மாற்றி மாற்றி எடுக்கிறோம், அதுதான் என் முறைப்பாடு. தவில் தட்சிணாமூர்த்தியைப் பற்றிப் பெருமை பேசும்போது ஆர்னல்ட். சீதனத்தைப் பற்றிக் கேட்டால் "அது காலங்காலமான வழக்கமெல்லோ" என்று டைலர். பிள்ளை தன் விருப்பத்துக்குக் கலியாணம் செய்தால் ஆசாரம். ஆனால் மூன்றுக்கும் மேல் ஒட்டியிருக்கும் பெயர் ஒன்றே. அதனால் முதலாவதன் மரியாதை மூன்றாவதுக்கும் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் போகக் கேட்டபோது மறித்து நின்றவர்களில் முன்னணியில் நின்றவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர். படிப்பில் ஆர்னல்ட் கேட்ட எல்லாம் அவரிடம் இருந்தது. 1957ஆம் ஆண்டே, சாதி சொல்லி மறிப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்துவிட்டது, அதன்கீழ் அவர்மீது வழக்கும் நடந்தது. ஆனால் மறித்தவர்களின் வாயில் இருந்த சொல் என்ன? மரபு, ஆசாரம். டைலரின் கணக்கில் அந்த மறிப்பும் எங்கள் கலாசாரம்தான். அதை ஒளிக்கக்கூடாது. ஆனால் 'பாதுகாக்க வேண்டியது' என்ற பட்டியலுக்குள் அதைத் தள்ளிவிட யாருக்கும் உரிமையில்லை.

மாறாதது என்று சொல்கிறவைகூட எப்படி மாறியிருக்கின்றன, பாருங்கோ. கோயில் திருவிழாக்களில் தாசியர் ஆடிய சின்னமேளத்தை ஆறுமுக நாவலர் கடுமையாகக் கண்டித்தார். 1930களில் சென்னையில் அதே தாசியர் மரபின் ஆட்டமான சதிர் 'பரதநாட்டியம்' என்ற புதுப் பெயரோடு மேல்சாதி வீடுகளுக்குள் போனது. இன்று எங்கட வீட்டுப் பிள்ளை அரங்கேற்றம் செய்தால் கலாசாரத்தைக் காப்பாற்றுகிறாள். நாவலர் வந்து பார்த்தால் என்ன சொல்வார் என்று எனக்கு ஒரு குறும்பு ஆசை. அதை ஆடிக் காத்துவந்த பெண்களின் பெயரை மட்டும் எந்த அரங்கேற்ற அழைப்பிதழிலும் காணவில்லை.

யாழ்ப்பாண நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியில் எழுந்த கலாசார மையத்துக்கு 2025 ஜனவரியில் திருவள்ளுவர் பெயரை வைத்து 'யாழ்ப்பாணம்' என்ற சொல்லை எடுத்தார்கள். ஊரே கொதித்தது, பிறகு அந்தச் சொல்லைத் திரும்பச் சேர்த்தார்கள். கொதித்தவர்களில் நானும் ஒருவன், இப்போதும் அது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் பெயர்ப்பலகைக்குக் கிடைத்த கொதிப்பில் கால்வாசிகூட உள்ளே இருக்கும் மேடைக்குக் கிடைக்கவில்லை. அரங்கேற்றங்களுக்கு அங்கே இடம் கிடைக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பறைக்கும் காத்தவராயன் கூத்துக்கும் வருடத்தில் எத்தனை நாள்? நிகழ்ச்சி அட்டவணை தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கோ.